கிணறு இந்தப் பக்கம், புல் அந்தப் பக்கம்: காலனிய எல்லை இன்றைய அரசியலாவது எப்படி?

ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்தில், இந்தியப் பெருங்கடலுக்குள் கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தை வரைபடத்தில் தேடுங்கள். எத்தியோப்பியாவின் கிழக்கு விளிம்பில், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு சாய்கோடு தெரியும். வடக்கு 9 டிகிரி அட்சரேகையும் கிழக்கு 44 டிகிரி தீர்க்கரேகையும் சந்திக்கும் புள்ளியில் புறப்பட்டு, 8 டிகிரியும் 47 டிகிரியும் சந்திக்கும் புள்ளியில் போய் நிற்கிறது. நீளம் ஏறத்தாழ 350 கி.மீ. (8 டிகிரி என்பது நம் கன்னியாகுமரியை உரசிச் செல்லும் அதே ரேகை.) ஆறு, மலைமுகடு என எதையும் இந்தக் கோடு பின்பற்றவில்லை. 1897இல் பிரிட்டனும் எத்தியோப்பியாவும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் பிறந்தது இது. அந்த மண்ணில் ஒட்டகம் மேய்த்துக்கொண்டிருந்த சோமாலி மக்களிடம் யாரும் கேட்கவில்லை. போட்ட பிறகு சொல்லவும் இல்லை.

காலனிய எல்லை நூறு ஆண்டு கழித்தும் எப்படிப் போரையும் தேர்தலையும் ஆட்டிவைக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு வட்டாரமே போதும். ஒரே மொழி, ஒரே மதம், பெரும்பாலும் ஒரே விதமான மேய்ச்சல் வாழ்க்கை கொண்ட மக்கள் ஐந்து கூறாகப் பிரிந்தார்கள். சோமாலியாவின் கொடியில் உள்ள வெள்ளை நட்சத்திரத்துக்கு ஐந்து முனைகள் இருப்பது அதனால்தான். பிரிட்டிஷ் சோமாலிலாந்து, இத்தாலிய சோமாலிலாந்து, பிரெஞ்சு சோமாலிலாந்து (இன்றைய ஜிபூட்டி), எத்தியோப்பியாவுக்குள் இருக்கும் ஒகாடேன், கென்யாவுக்குள் இருக்கும் வடக்கு எல்லை மாவட்டம். இரண்டு முனைகள் சேர்ந்து ஒரு நாடாயின. மற்ற மூன்றும் பக்கத்து நாடுகளில் இருந்தன. கொடியிலேயே அண்டை வீட்டாரின் நிலம் இருந்தால் உறவு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

யார், எதற்காக வந்தார்கள்

1884–85இல் பெர்லினில் ஐரோப்பியர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆப்பிரிக்காவைக் கேக்போல வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அது பாதி உண்மை. பெர்லினில் பேசியது பெரும்பாலும் விதிமுறைகளைப் பற்றித்தான்: கடற்கரையில் யாராவது உரிமை கோரினால் மற்ற வல்லரசுகளுக்குத் தெரிவிக்க வேண்டும், அங்கே நிஜமாகவே ஆட்சி நடத்திக் காட்ட வேண்டும் என்பவை. கோடுகள் அதற்குப் பிறகு, பத்து இருபது ஆண்டுகளில், இருவர் இருவராக உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தங்களில் பிறந்தன. இந்த வேறுபாடு முக்கியமானது. எல்லைத் தகராறு நீதிமன்றத்துக்குப் போகும்போது அங்கே பிரித்துப் படிக்கப்படுவது அந்த இருதரப்பு ஒப்பந்தங்கள்தான்.

பிரிட்டனுக்குச் சோமாலி நிலத்தின் மேல் பெரிய ஆசை இல்லை. 1839இல் பிடித்த ஏடன் துறைமுகத்துக்கு இறைச்சி வேண்டும். ஆடும் மாடும் எதிர்க்கரையில் பெர்பெராவிலிருந்து வந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அந்தக் கடல்வழி இந்தியாவுக்குப் போகும் ராஜபாட்டையாகிவிட்டது. பிரான்ஸ் தன் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்ற ஓபோக்கிலும் பிறகு ஜிபூட்டியிலும் இடம் பிடித்தது. இத்தாலி தெற்கே மொகடிஷு (இன்றைய சோமாலியத் தலைநகர்) கடற்கரையை எடுத்துக்கொண்டது.

நான்காவது பங்காளி ஓர் ஆப்பிரிக்கப் பேரரசு. இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக் 1887இல் ஹரார் நகரைப் பிடித்து, கிழக்கே சோமாலி நிலங்களுக்குள் படை அனுப்பிக்கொண்டிருந்தார். 1896 மார்ச் 1 அன்று அத்வா போரில் இத்தாலியைத் தோற்கடித்த பிறகு, அவரோடு பேசித்தான் ஆக வேண்டும் என்ற நிலை ஐரோப்பியர்களுக்கு வந்தது. காலனியம் என்றால் வெள்ளையர் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டால், ஒகாடேன் சோமாலியர்களின் மனக்கசப்பு நமக்குப் புரியவே புரியாது. அவர்கள் கண்ணில் அடிஸ் அபாபாவும் ஒரு பேரரசுத் தலைநகர்தான்.

பிரிட்டிஷ் சோமாலிலாந்து 'காப்புப் பிரதேசம்' என்ற வகை. காலனியில் நிலமே ஆட்சியாளருக்குச் சொந்தம். காப்புப் பிரதேசத்தில் உள்ளூர்க்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு, 'உங்களை நாங்கள் பாதுகாக்கிறோம், வேறு யாருக்கும் நிலத்தைக் கொடுக்காதீர்கள்' என்பது ஏற்பாடு. 1884 முதல் 1886 வரை சோமாலி குலங்களோடு இப்படி ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. நிலத்தைப் பிரிட்டனுக்குத் தாரை வார்த்ததாக அவற்றில் எங்கும் இல்லை. பதினோரு ஆண்டு கழித்து அந்தக் குலங்கள் மேய்ந்த நிலத்தின் பெரும்பகுதியை எத்தியோப்பியாவின் பக்கம் விட்டுக் கோடு போட்டது அதே பிரிட்டன். சூடானில் அப்போது மஹ்தி என்ற மதத் தலைவரின் வழிவந்த மஹ்தியப் படைகளோடு பிரிட்டனுக்குப் போர் நடந்துகொண்டிருந்தது. மெனெலிக் எதிரிப் பக்கம் சாயாமல் இருப்பது லண்டனுக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1898 வரை அந்தப் பிரதேசம் ஏடன் வழியாகப் பம்பாய் மாகாணத்தின் நிர்வாகத்தில் இருந்தது. 1951 வரை அங்கே புழங்கியது இந்திய ரூபாய். நம்முடைய இந்தியத் தண்டனைச் சட்டம்தான் 1960களின் தொடக்கம் வரை அங்கும் குற்றவியல் சட்டம். இந்தச் சின்னத் தகவல் பின்னால் ஒரு பெரிய சிக்கலாகத் திரும்பி வரும்.

கோடு எதை வெட்டியது

ஒரு எல்லைக் கோட்டை எடைபோடும்போது அது நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. எந்த நடமாட்டத்தை வெட்டியது என்று பார்க்க வேண்டும். 1897 கோடு வெட்டியது ஒரு ஆண்டுச் சுழற்சியை.

கோட்டை ஒட்டித் தெற்கே 'ஹவுத்' என்ற சமவெளி. செம்மண், முள்மரம், மழை பெய்தால் இடுப்பளவு புல். ஆனால் நிரந்தரமாகத் தண்ணீர் ஊறும் கிணறு கிடையாது. வடக்கே ஹர்கெய்சா, புராவோ பக்கம் கிணறுகள் உண்டு. புல் அவ்வளவு கிடையாது. ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை பெய்யும் 'கூ' மழை தொடங்கியதும் குடும்பங்கள் ஒட்டகத்தின் மேல் குடில்களை ஏற்றிக்கொண்டு தெற்கே ஹவுத்துக்குப் போவார்கள். குட்டைகள் வற்றும்வரை அங்கேதான். டிசம்பரில் 'ஜிலால்' என்ற கடும் வறட்சி ஆரம்பித்தால் மந்தையை ஓட்டிக்கொண்டு வடக்கே கிணற்றுக்குத் திரும்புவார்கள். கோடு விழுந்தபோது கிணறு பிரிட்டன் பக்கம், புல் எத்தியோப்பியா பக்கம் என்றானது. ஒரே குடும்பம் ஆண்டில் சில மாதம் ஒரு அரசின் கீழ், மீதி மாதம் வேறொரு அரசின் கீழ்.

ஒப்பந்தம் எழுதியவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. இரு பக்கத்து மக்களும் கோட்டைத் தாண்டி மேய்க்கலாம், கிணறுகளைப் பயன்படுத்தலாம் என்று எழுதிவைத்தார்கள். பிரச்சினை எங்கே வந்தது என்றால், மேய்ச்சல் உரிமை எழுத்தில் இருந்தது. வரி, காவல், கைது எல்லாம் யார் நிலமோ அவர்கள் கையில். மந்தைக்கு யாருக்கு வரி கட்டுவது, ஹவுத்தில் இரண்டு குலம் மோதிக்கொண்டால் யார் விசாரிப்பது என்பதற்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லை.

முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கோடு காகிதத்தில்தான் இருந்தது. 1930களின் தொடக்கத்தில்தான் பிரிட்டிஷ்–எத்தியோப்பிய எல்லைக் குழு தரையில் அடையாளம் நடக் கிளம்பியது. அந்த வேலையை முடித்த குழு 1934 நவம்பரில் தெற்கே வல்வல் என்ற கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது, எத்தியோப்பிய நிலத்துக்குள்ளே இத்தாலியப் படை முகாமிட்டிருந்தது. டிசம்பர் 5 அன்று அங்கே மூண்ட சண்டையைச் சாக்காக வைத்துத்தான் முசோலினி அடுத்த ஆண்டு எத்தியோப்பியா மேல் படையெடுத்தார். உலகப் போருக்கு முந்தைய பெரும் நெருக்கடிகளில் ஒன்றின் தொடக்கம், ஒட்டகங்கள் தண்ணீர் குடிக்கும் கிணற்றடி.

1941இல் இத்தாலி தோற்றதும் பிரெஞ்சுப் பகுதி தவிர மற்ற எல்லாச் சோமாலி நிலமும் சில ஆண்டுகள் பிரிட்டனின் கையில் இருந்தது. 1946இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் இவற்றை ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். மற்ற வல்லரசுகளும் எத்தியோப்பியாவும் ஏற்கவில்லை. 1948இல் ஒகாடேன் எத்தியோப்பியாவிடம் திரும்பியது. 1955இல் ஹவுத்தும் போனது. ஹவுத் போன செய்தி ஹர்கெய்சாவில் பரவியதும் தெருவில் மக்கள் திரண்டார்கள், ஐ.நா.வுக்குத் தூதுக்குழு போனது. சோமாலி தேசியவாதம் படித்தவர் வட்டத்தைத் தாண்டி ஒட்டகம் மேய்ப்பவர் வரை போய்ச் சேர்ந்தது அப்போதுதான். ஒன்றாயிருந்த சில ஆண்டுகளை அவர்கள் பார்த்துவிட்டார்கள் அல்லவா?

கோட்டின் மேல் ஏறும் சுமை

கோடு போடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் தனித்தனியாக சட்டம், பள்ளி, சுங்கம், கணக்கெழுதும் முறை என்று ஒவ்வொன்றாக ஏறும். இரண்டு தலைமுறை போனால் அந்தச் சுமையை இறக்க முடியாது. தொடக்கநிலை வாசகர் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். எல்லைகள் ஒட்டிக்கொள்வதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

1960 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் சோமாலிலாந்து விடுதலை பெற்றது. ஜூலை 1 அன்று இத்தாலியப் பகுதியும் விடுதலை பெற, இரண்டும் சோமாலியக் குடியரசாக இணைந்தன. இடையில் ஐந்தே நாள். மக்களின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் இணைப்புச் சட்டத்தை வடக்கும் தெற்கும் ஒரே வாசகத்தில் நிறைவேற்றவில்லை. வடக்கு ஒன்றை நிறைவேற்றியது. தெற்கு வேறொன்றைக் கொள்கையளவில் ஏற்றது. 1961 ஜனவரியில் புதிதாக ஒரு சட்டம் போட்டு, முன்தேதியிட்டுச் செல்லும் என்றார்கள்.

நிர்வாகமோ இன்னும் கடினம். ஹர்கெய்சா அலுவலகக் கோப்புகள் ஆங்கிலத்தில். மொகடிஷு கோப்புகள் இத்தாலிய மொழியில். எல்லோரும் பேசும் சோமாலி மொழிக்கு 1972 வரை அதிகாரப்பூர்வ எழுத்து கிடையாது. வடக்கில் இந்தியத் தண்டனைச் சட்டமும் ஆங்கிலேயப் பொதுச் சட்டமும்; தெற்கில் இத்தாலியச் சட்டம். இரண்டு நாணயம், இரண்டு சுங்க விகிதம், இரண்டு சம்பள முறை. நாடாளுமன்றத்தின் 123 இடங்களில் தெற்குக்கு 90, வடக்குக்கு 33. தலைநகர், குடியரசுத் தலைவர், பிரதமர் எல்லாம் தெற்கு. 1961 ஜூனில் நடந்த அரசியலமைப்பு வாக்கெடுப்பை வடக்கில் பலர் புறக்கணித்தார்கள். வாக்களித்தவர்களிலும் பெரும்பான்மை 'வேண்டாம்' என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வடக்கைச் சேர்ந்த இளம் ராணுவ அதிகாரிகள் கலகம் செய்து தோற்றார்கள். வழக்கு வந்தபோது, முறையான இணைப்புச் சட்டமே இல்லாத நிலையில் இவர்களைத் தண்டிக்க அதிகாரம் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் விடுவித்தது. ஆசையில் ஒன்றான நாடு காகிதத்தில் ஒன்றாகவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

'இருந்தது இருந்தபடி'

1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு ஒரு தீர்மானம் போட்டது: விடுதலை பெற்ற நாளில் எந்த எல்லை இருந்ததோ அதையே எல்லா நாடும் மதிக்க வேண்டும். இதன் பின்னே உள்ள சட்டக் கோட்பாட்டுக்கு லத்தீனில் 'உட்டி போசிடேட்டிஸ்' என்று பெயர். நம் வழக்கில் 'இருந்தது இருந்தபடி' என்று சொல்லிவிடலாம். ஸ்பெயினிடமிருந்து பிரிந்த தென்னமெரிக்க நாடுகள் முன்பே கையாண்ட வழி இது. தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே முன்மொழிந்தார். சோமாலியாவும் மொராக்கோவும் ஏற்கவில்லை.

இந்தத் தீர்மானத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அது சரியல்ல என்பேன். அன்றைக்கு ஆப்பிரிக்காவில் எல்லை இப்படி வந்து விழாத நாடு அரிது. ஒன்றைத் திறந்தால் அத்தனையும் திறக்கும். நாடுகளுக்கிடையே எல்லைப் போர்கள் அங்கே குறைவாக இருந்ததில் இந்த விதிக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அதன் விலையை அரசுகள் கொடுக்கவில்லை, கோட்டின் தவறான பக்கம் சிக்கியவர்கள் கொடுத்தார்கள்.

கென்யாவின் வடக்கு எல்லை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் பிரிட்டன் அனுப்பிய குழுவே அங்குள்ள சோமாலியரில் பெரும்பாலோர் சோமாலியாவோடு சேர விரும்புகிறார்கள் என்று கண்டது. 1963இல் பிரிட்டன் அந்த நிலத்தைக் கென்யாவுக்கே விட்டது. சோமாலியா பிரிட்டனோடு உறவை முறித்தது. கென்யா விடுதலையடைந்த அதே டிசம்பரில் அங்கே அவசரநிலை வந்தது. 1967 வரை கெரில்லாப் போர் நடந்தது. போர் முடிந்தும் அவசரகாலச் சட்டங்கள் 1991 வரை நீக்கப்படவில்லை. அடையாள அட்டை கேட்டுப் போகும் கென்ய சோமாலியர் தனியாக ஒரு விசாரணைக்கு உட்பட வேண்டியிருந்தது அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. கோடு அங்கே அலுவலக வரிசையில் வந்து நின்றது.

ஒகாடேனில் விலை இன்னும் பெரிது. 1977இல் சோமாலிய அதிபர் சியாத் பாரேயின் ராணுவம் உள்ளே புகுந்து பெரும்பகுதியைப் பிடித்தது. சோவியத் ஒன்றியம் எத்தியோப்பியாவின் பக்கம் மாறியது, ஆயிரக்கணக்கில் கியூபா வீரர்கள் வந்தார்கள், 1978 மார்ச்சில் சோமாலியா பின்வாங்கியது. தோற்றதும் சண்டை உள்நாட்டுக்குத் திரும்பியது. வடக்கின் இசாக் குலத்தவர் தொடங்கிய கிளர்ச்சி இயக்கத்துக்கு எத்தியோப்பியா இடம் கொடுத்தது. 1988 ஏப்ரலில் இரு அரசும் 'உன் கிளர்ச்சியாளரை நான் விட்டுவிடுகிறேன், என் கிளர்ச்சியாளரை நீ விட்டுவிடு' என்று சமரசம் செய்துகொள்ள, நெருக்கடிக்குள்ளான கிளர்ச்சியாளர்கள் மே மாதம் புராவோவிலும் ஹர்கெய்சாவிலும் நுழைந்தார்கள். பதிலுக்கு சோமாலிய விமானங்கள் ஹர்கெய்சாவின் சொந்த விமான நிலையத்திலிருந்தே கிளம்பி அந்த நகரத்தின் மேல் குண்டு போட்டன. மக்கள் லட்சக்கணக்கில் ஓடினார்கள். எங்கே? கோட்டைத் தாண்டி, எந்த ஹவுத்துக்காக முப்பது ஆண்டுக்கு முன் தெருவில் இறங்கினார்களோ, அதே ஹவுத்துக்கு.

பழைய கோடு கேடயமாகிறது

1991 மே 18 அன்று புராவோவில் கூடிய மாநாடு சோமாலிலாந்து தனிநாடு என்று அறிவித்தது. அவர்கள் எந்த எல்லையைக் காட்டினார்கள் என்று கவனியுங்கள்: 1960 ஜூன் 26 அன்று இருந்த பிரிட்டிஷ் எல்லையை. 'நாங்கள் எதையும் உடைக்கவில்லை. ஐந்து நாள் தனிநாடாக இருந்தோம், இணைந்தோம், விலகுகிறோம். உங்கள் 1964 விதிப்படியே எங்கள் எல்லை செல்லும்' என்பது வாதம். ஹவுத்தைப் பறித்த அதே 1897 கோடு இப்போது அவர்களுடைய உரிமைப் பத்திரம். எரித்ரியா 1993இல் தனிநாடானபோதும் பழைய இத்தாலியக் காலனியின் எல்லையைத்தான் காட்டியது. சோமாலிலாந்துக்குச் சொந்த நாணயம், கடவுச்சீட்டு, தேர்தல் எல்லாம் உண்டு. 2003இல் ஒரு அதிபர் தேர்தல் வெறும் 80 வாக்கு வித்தியாசத்தில் முடிவாகி, தோற்றவர் கடைசியில் அதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் ஐ.நா.வில் இடமில்லை.

அந்தக் கேடயம் கிழக்கே போய்க் கிழிகிறது. அங்கே எல்லை 1894இல் பிரிட்டனும் இத்தாலியும் போட்ட கோடு. வட பாதி 49 டிகிரி தீர்க்கரேகையிலேயே கடல்வரை நேராகப் போகிறது. கோட்டுக்கு மேற்கே சூல், சனாக் பகுதிகளில் வாழும் துல்பஹந்தே, வர்சங்கெலி குலத்தவருக்கு உறவும் திருமணமும் பெரிதும் கோட்டுக்குக் கிழக்கே. அந்தக் கிழக்கில் 1998இல் சோமாலியாவுக்குள் தன்னாட்சிப் பகுதியாக உருவான பண்ட்லாந்து, 'எங்கள் குலம் எங்கே இருக்கிறதோ அதுவே எங்கள் எல்லை' என்றது. சோமாலிலாந்து, 'ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை' என்றது. இரண்டு அளவுகோலும் மோதிய ஊர் லாஸ் அனோட். 2007இல் சோமாலிலாந்துப் படை அந்த ஊரைப் பிடித்தது. 2022 டிசம்பரில் மக்கள் எதிர்ப்பு வெடித்தது, 2023 பிப்ரவரியில் சண்டை தொடங்கியது, ஆகஸ்ட்டில் உள்ளூர்ப் படைகள் சோமாலிலாந்தை வெளியேற்றின. பேரரசு போட்ட கோட்டை அழித்துவிட்டு மக்களின் கோட்டைப் போடலாமே என்று கேட்பவர்கள் லாஸ் அனோட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குலத்தின் எல்லை வரைபடத்தில் இல்லை. மழைக்கும் மணவுறவுக்கும் ஏற்ப நகரும். அதைத் தரையில் நட முயன்றாலும் அதே கேள்விதான் வரும்: கிணறு யாருக்கு?

எத்தியோப்பியாவும் தப்பவில்லை. 1908இல் இத்தாலியோடு போட்ட ஒப்பந்தம், எரித்ரியாவின் எல்லை கடற்கரைக்கு இணையாக 60 கி.மீ. உள்ளே ஓடும் என்றது. எரித்ரியா பிரிந்ததும் அந்த 60 கி.மீ. பட்டைதான் எத்தியோப்பியாவைக் கடலிலிருந்து பிரித்தது. 1998 முதல் 2000 வரை இரு நாடும் பத்மே என்ற சிற்றூரை முன்வைத்துப் போரிட்டுப் பல்லாயிரம் பேரைப் பறிகொடுத்தன. 2002இல் தீர்ப்புச் சொன்ன எல்லை ஆணையம் 1900, 1902, 1908 ஒப்பந்தங்களைத்தான் விரித்துப் படித்தது. ஒப்பந்தத்தில் எழுதிய ஆற்றுப்பெயர் தரையில் எந்த ஆறு என்பதே அங்கே முக்கியமான கேள்வி. இன்று எத்தியோப்பியாவின் கடல் வணிகத்தில் பெரும்பகுதி ஜிபூட்டி வழியாகப் போகிறது. 2024 ஜனவரி 1 அன்று சோமாலிலாந்தோடு கடற்கரைக் குத்தகைக்காக அது ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதும் மொகடிஷு கொதித்தெழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் துருக்கி நடுவில் புகுந்து சமாதானம் பேச வேண்டியிருந்தது.

வேறொரு வட்டாரத்தின் எல்லைச் செய்தியைப் படிக்கும்போதும் இதே வரிசையில் கேட்டுப் பார்க்கலாம். கோட்டைப் போட்ட ஒப்பந்தம் எது, கையெழுத்திட்டவர் யார்? எந்த நடமாட்டத்தை அது வெட்டியது: மேய்ச்சலா, ஆற்று நீரா, சந்தையா, திருமண உறவா? இரு பக்கமும் என்னென்ன சட்டமும் மொழியும் ஏறின? விடுதலை நாளில் எந்த விதிப்படி அது உறைந்தது? இன்று அந்தக் கோட்டை யார் எதிர்க்கிறார்கள், யார் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்? கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. ஒரே மக்கள் 1955இல் எதிர்த்த கோட்டை 1991இல் பிடித்துக்கொண்டார்கள் என்பது அந்தக் கேள்வி இல்லாமல் கண்ணில் படாது.

இதற்கிடையே ஹவுத்தில் மேய்ச்சல் நிற்கவில்லை. 1950களிலிருந்து மழைநீரைச் சேர்க்க 'பெர்கட்' என்ற சிமென்ட் தொட்டிகளை மக்கள் கட்டத் தொடங்கினார்கள். அவற்றைச் சுற்றி ஊர்கள் முளைத்தன. சாய்கோட்டின் வடமேற்கு மூலைக்கு அப்பால் உள்ள வஜாலே எல்லை ஊர் வழியாக எத்தியோப்பியாவிலிருந்து தினமும் காட் இலை (கிளர்ச்சிக்காக மெல்லும் இலை) வண்டிகள் ஹர்கெய்சாவுக்கு விரைகின்றன. அந்தப் பக்கத்து ஆடுகளும் ஒட்டகங்களும் பெர்பெரா துறைமுகத்துக்கு வந்து, ஹஜ் காலத்தில் கப்பலேறி சவுதிக்குப் போகின்றன. எத்தியோப்பியச் சுங்கத்தில் இதற்குக் கடத்தல் என்று பெயர். ஓட்டிவருகிறவருக்கு அது தாத்தா காலத்திலிருந்து போகும் வழி.